முதுகுத் தையல்

கதவை அப்படி இடித்திருக்க வேண்டியதில்லை, இன்ஸ்பெக்டரம்மா. காலிங் பெல் நன்றாகவே வேலை செய்கிறது. உங்கள் கான்ஸ்டபிள் முதல் இடி இடித்தபோது நான் ஒரு காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். ஊசி விரலில் இறங்கி, வெள்ளைத் துணியில் ஒரு பொட்டு ரத்தம். நல்லவேளை, அதற்கு வைத்தியம் எனக்குத் தெரியும். யாருடைய ரத்தமோ அவருடைய எச்சிலையே தொட்டுத் தேய்த்தால் கறை போய்விடும். நான் தேய்த்து முடிக்கும்வரை நீங்கள் வாசலில் பொறுமையாக நின்றீர்கள். அதற்கு நன்றி. கைவேலைக்கு மரியாதை கொடுக்கிறவர்கள் இப்போது குறைவு.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். எழுதிக்கொள்கிறவர் வரிக்கு வரி எழுதட்டும், எனக்கு அவசரமில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். மேஜையில் அந்தப் பிளாஸ்டிக் பைக்குள் இருக்கிறதே என் கவுன், அதன்மேல் டீ கிளாஸை வைக்காதீர்கள். பட்டை இப்படிச் சதுரமாக மடிக்கவும் கூடாது, மடிப்பில் வெடித்துவிடும். பரவாயில்லை, உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. உங்கள் உத்தியோகத்தில் பட்டு அடிக்கடி வராது.

நான் காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவில் இருக்கிறேன். பகல் முழுக்க மனிதர்கள் பொய் சொல்வதைக் கேட்பது என் வேலை. தானாகத் தீப்பிடித்த கார், தானாகச் சரிந்த சுவர், தானாகத் தொலைந்த வளையல். எல்லாம் தானாகவே நடக்கிற உலகம் அது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஊசியைக் கையில் எடுத்தால்தான் எனக்கு மனசு ஆறும். ஊசி பொய் சொல்லாது.

பழைய காலத்து உடைகளைத் தைப்பது என் பொழுதுபோக்கு. நாடகக் கம்பெனி உடை மாதிரி முன்னால் ஜிகினா, பின்னால் ஊக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஓர் உடை எந்தக் காலத்தைச் சேர்ந்ததோ அந்தக் காலத்தில் எப்படி வெட்டினார்களோ அப்படி வெட்டி, எப்படித் தைத்தார்களோ அப்படித் தைப்போம். தைப்போம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் ஒரு கழகம் வைத்திருக்கிறோம். ஊசிமுனைக் கழகம். தலைவர் ஒரு பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில், சொத்தைப் பல் படத்துக்குக் கீழே உட்கார்ந்து தைப்போம். டாக்டர் ராணுவக் கோட்டுகள் மட்டும் தைப்பார். கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு அந்தக் காலத்துத் தளபதிபோல வியர்ப்பார். கணக்கு வாத்தியார் ஒருவர் தொப்பி மட்டும். பட்டன் அக்கா என்று ஒருவர், எலும்பைச் செதுக்கிப் பட்டன் செய்வதோடு சரி. முழு உடை தைக்கிறவள் நான்தான்.

எங்கள் விதி சின்னது. அந்தக் காலத்தில் இல்லாத எதுவும் உடையிலும் இருக்கக்கூடாது, உடையைப் போட்டவர் உடம்பிலும் இருக்கக்கூடாது. எலாஸ்டிக் கூடாது, ஜிப் கூடாது, நைலான் நூல் கூடாது. மெஷின் தையல் கூடவே கூடாது. ஒரு தடவை டாக்டரின் காலுறையில் எலாஸ்டிக் இருந்ததைக் கணக்கு வாத்தியார் கண்டுபிடித்துவிட்டார். டாக்டர் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

ஒரு நர்ஸம்மாவும் எங்களோடு இருந்தார். நல்ல கைராசிக்காரர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் அவருடைய உள்பாவாடையைக் கிளினிக் மேஜையில் விரித்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தோம். கடைவாய்ப்பல்லைப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை மடிப்புக்குள் விட்டு டாக்டர் பரிசோதித்தார். மெஷின் தையல். அந்தம்மா ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கே அவருக்கு மெஷின்காரி என்று பெயர் விழுந்துவிட்டது. இப்போதும் கடைத்தெருவில் அவர் எதிரே வந்தால் பட்டன் அக்கா சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவார். கடுமையாகத்தான் இருக்கும். ஆனால் ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா? அந்த உள்பாவாடையைத் திருப்பிப் பார்க்கலாமே என்று முதலில் சொன்னது நான்தான்.

இனி என் நாத்தனார்.

வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பாப்பாவுக்கு வயது முப்பத்தைந்து. ஒரு கார் ஷோரூமில் வரவேற்பாளர். கல்யாணம் ஆகி, ஒத்துவராமல் திரும்பி வந்து, எங்கள் மாடியில் இருந்தாள். என் கணவருக்குத் தங்கை என்றால் உயிர். பாப்பா என்ன சொன்னாலும் சிரிப்பார். நான் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால், "என்ன சொன்னே?" என்று கேட்பார்.

பாப்பாவுக்கு என் தையல்தான் பொழுதுபோக்கு. கீழே வந்து கதவில் சாய்ந்துகொண்டு ஆரம்பிப்பாள்.

"அண்ணி, நீங்க இதைத் தைச்சு முடிக்கிறதுக்குள்ள அந்த மகாராணியே மறுபடி பொறந்து வந்து ரெடிமேடு வாங்கிட்டுப் போயிடுவா."

என் கணவர் பேப்பருக்குப் பின்னால் குலுங்குவார்.

"ஏன் அண்ணி, அண்ணனுக்கு ஒரு சட்டை பட்டன் அறுந்து ஒரு மாசமா தொங்குது. மகாராணி கொஞ்சம் பெரிய மனசு பண்ணக் கூடாதா?"

நானும் சிரிப்பேன். எனக்கும் நகைச்சுவை உணர்ச்சி உண்டு. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை நான். அவள் நல்ல உயரம், இடுப்பு ஒடிசல். பழைய காலத்து கவுன்களுக்கென்றே பிறந்த உடம்பு. என் மனக்குறை அது ஒன்றுதான்: அந்த உடம்பு அவளிடம் இருந்தது.

கொஞ்சம் வீசிங் உண்டு அவளுக்கு. தூசி பட்டால் இழுக்கும். கைப்பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். அதை அவள் உறிஞ்சுகிற சத்தம் மாடிப்படியில் கேட்டால் பாப்பா இறங்கி வருகிறாள் என்று தெரிந்துகொள்ளலாம்.

போன வருஷம் என் நீலக் கவுனை ஒரு தோழியின் போட்டோவுக்காகக் கேட்டாள். "ஒரு மணி நேரம் அண்ணி, ப்ளீஸ்." அந்தக் கவுனுக்கு நான் மூன்று வருஷம் செலவழித்திருந்தேன். என் கணவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கொடுத்தேன். மறுநாள் ஒரு துணிப்பையில் சுருட்டிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"தேங்க்ஸ் அண்ணி. முதுகுல கயிறு கட்டி இழுக்க ஆளே கிடைக்கலை. அதான் தெருமுனை டெய்லர்கிட்ட குடுத்து ஒரு ஜிப் வெச்சுட்டேன். இப்ப பாருங்க, எவ்வளவு ஈஸி."

சர்ரென்று மேலே இழுத்தாள். சர்ரென்று கீழே இறக்கினாள்.

நைலான் ஜிப். கவுன் நீலம், ஜிப் ஊதா. தெருமுனையில் நீலம் தீர்ந்துவிட்டதாம்.

அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரைகூட அவள் கணக்குப்படிதான் போட்டேன். அப்புறம் என் கணவரிடம் கவுனைக் காட்டினேன். அவர் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "ஒரு ஜிப்புதானே? நல்லாத்தானே ஓடுது," என்றார். இருபது வருஷமாக நான் இவரோடு குடும்பம் நடத்துகிறேன். இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்த வருஷம் கழகத்தின் பெரிய கண்காட்சி. நகர மண்டபத்தை வாடகைக்கு எடுத்தோம். எப்போதும் வருகிற சொந்தக்காரக் கூட்டம் மட்டும் இல்லை. மியூசியத்திலிருந்து ஓர் அம்மா நடுவராக வர ஒப்புக்கொண்டிருந்தார். வென்ற உடையை மியூசியத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். பக்கத்தில் சின்னப் பித்தளைத் தகடு. அதில், "முழுவதும் கையால் தைத்தவர்" என்று போட்டு, கீழே தைத்தவர் பெயர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று படிப்பார்கள். நான் இறந்த பிறகும் படிப்பார்கள். உங்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. உங்கள் பெயரைச் சட்டையிலேயே குத்தியிருக்கிறார்கள். என் பெயர் எங்கேயும் இல்லை. வீட்டுக் கதவில் அவர் பெயர், அலுவலகத்தில் வெறும் பிரிவு எண், மாடியிலிருந்து கேட்டால் அண்ணி.

அதற்காகத் தைத்ததுதான் இந்தக் கவுன். அரசவைக் கவுன். நெஞ்சையும் இடுப்பையும் இறுக்குகிற கச்சை, பாவாடை, மேல்பாவாடை, கை என்று பல துண்டுகள். கச்சைக்குள் கோழி இறகின் தண்டு கனத்துக்குப் பிரம்புச் சீவல்களைச் செருகியிருக்கிறேன். அந்தக் காலத்துச் சீமாட்டிகள் பெரிய விருந்துகளுக்குப் போகும்போது உடையைப் போட்டபின் அதன் முதுகுப்பக்கத்தை உடம்பின்மேல் வைத்தே இறுக்கித் தைத்துவிடுவார்கள் என்று படித்திருக்கிறேன். நானும் அப்படியே செய்ய முடிவு செய்தேன். ஜிப்பும் இல்லை, கொக்கியும் இல்லை, கயிறும் இல்லை. விருந்து முடிந்தால் தையலைப் பிரித்தால்தான் வெளியே வரலாம்.

இதை நான் கழகத்தில் சொன்னேன். டாக்டர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

போட்டுக்கொள்ள ஆள் வேண்டும். மாடிப்படி ஏறிப்போய் நானே பாப்பாவைக் கேட்டேன்.

"நெஜமாவா அண்ணி? ஜிப் விஷயத்துல எம்மேல கோவம் இல்லையே?"

"கோவமா? நீ என் பொண்ணு மாதிரிடி."

"ஐயே, உங்களுக்கும் எனக்கும் பத்து வயசுதான் வித்தியாசம். அக்கா மாதிரின்னு வெச்சுக்கலாம்."

என் கணவருக்கு ஒரே நெகிழ்ச்சி. "உனக்கு ரொம்பப் பெரிய மனசு," என்றார். சட்டைப் பட்டன் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

அளவு எடுத்ததைப் பற்றிக் கேட்டீர்கள். மூச்சை முழுக்க வெளியே விடச்சொல்லித்தான் அளவெடுத்தேன். அந்தக் காலத்து இடுப்பு அப்படி. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "அண்ணி, மூச்சு விட இடம் வையுங்க," என்றாள். "மகாராணிங்க மூச்சு விட மாட்டாங்க, பெருமூச்சுதான் விடுவாங்க," என்றேன். அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சொன்ன வேடிக்கைக்கு அந்த வீட்டில் ஒருவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

கண்காட்சியன்று மதியம், மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஒரு கண்ணாடி, இரண்டு நாற்காலி, என் தையல் மேஜை. நான், பாப்பா, மேக்கப் போட வந்த அம்மா, மூன்று பேர்தான். முதலில் பாப்பா உடம்பிலிருந்து இந்தக் காலத்துச் சாமான்களை எல்லாம் எடுத்தேன். வாட்ச், கிளிப், செல்போன். நகப்பூச்சைக்கூட அழித்துவிட்டோம். இன்ஹேலரை மட்டும் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு கவுனைத் தலைவழியாகப் போட்டேன். கனமான கவுன். உள்ளே போனவள் வெளியே தலை காட்ட நேரம் பிடிக்கும். உள்ளேயிருந்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். பட்டுக்குள்ளிருந்து பேசினால் சரியாகக் கேட்காது.

பிறகு கவுனின் கைகளைத் தோளில் வைத்துத் தைத்தேன். முதுகைத் தைத்தேன். அப்போதுதான் எனக்குத் தோன்றியது, விதி என்றால் எல்லாவற்றுக்கும் விதிதான். இன்ஹேலரை வாங்கி என் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன்.

"அண்ணி, அது மருந்து."

"அந்தக் காலத்துல பிளாஸ்டிக் கிடையாதும்மா."

"மகாராணிக்கு வீசிங் வந்தா?"

"வந்தா செத்துப் போவாங்க."

மூன்று பேரும் சிரித்தோம். மேக்கப் அம்மாவைக் கேட்டுப்பாருங்கள், அவரும்தான் சிரித்தார்.

அப்புறம் பவுடர். அரசவைப் பொய்முடிக்கு மாவுப் பவுடர் தூவுவது வழக்கம். கொஞ்சம் தாராளமாகவே தூவினேன். அறை முழுக்க வெள்ளைப் புகையாக நின்றது. மேக்கப் அம்மா இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார். பாப்பாவால் எங்கே போக முடியும்? பாவாடை வாசலைவிட அகலம், பக்கவாட்டில் திரும்பித்தான் வெளியே வர முடியும்.

மேடையில் அழகாகத்தான் நடந்தாள். பாதி தூரம் போய் நின்றாள். ஒரு கையை நெஞ்சில் வைத்தாள். இன்னொரு கையைக் கூட்டத்தைப் பார்த்து நீட்டினாள். வாய் திறந்து திறந்து மூடியது. மண்டபம் முழுக்கக் கைதட்டல். கணக்கு வாத்தியார் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். என் கணவர் முதல் வரிசையில் நின்றுகொண்டு செல்போனில் படம் பிடித்தார். பாப்பாவுக்கு இவ்வளவு நன்றாக நடிக்க வரும் என்று அவருக்கே தெரியாதாம். பல் டாக்டர், அவரும் ஒரு டாக்டர்தான், "முகத்தில் என்ன ஒரு பாவம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சொல்லிக் கைதட்டினார். அவருக்குப் பல்லைத் தவிர மற்றதில் அனுபவம் குறைவு.

நான்தான் போய் அவள் தோளை அணைத்து உள்ளே கூட்டி வந்தேன். அந்த மண்டபத்தில் அவளுக்கு உதவிக்குப் போன ஒரே ஆள் நான். இதை உங்கள் ரிப்போர்ட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கதவைத் தாழிட்டேன். உடை மாற்றுகிற அறை, பெண்பிள்ளை இருக்கிற இடம், தாழிடாமல் என்ன செய்வது? அவளை ஸ்டூலில் உட்கார வைத்தேன். கச்சை போட்டால் சாய முடியாது, நிமிர்ந்துதான் உட்கார வேண்டும். சின்னக் கத்தரியை எடுத்துத் தோள் தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

மேஜையில் பெரிய கத்தரிக்கோலும் இருந்தது. ஆமாம், இருந்தது. பாப்பா அதை விரலால் காட்டினாள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. மறுபடி காட்டினாள். அவளுடைய உதடு என் நீலக் கவுனில் இருந்த ஜிப்பின் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. வெட்டுவது சுலபம், அம்மா. எவரும் வெட்டிவிடலாம். ஒவ்வொரு தையலாக, நூலின் முனையைத் தேடி, துணிக்குச் சேதம் இல்லாமல் பிரிப்பதுதான் வேலை. அவசரப்பட்டால் பட்டு கிழியும். நான் அவசரப்படவில்லை. இடது தோளை முடித்துவிட்டு வலது தோளுக்கு வந்தேன். வெளியே மேக்கப் அம்மா கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். வலது தோள் பாதியில் இருக்கும்போது தட்டுகிற சத்தம் மட்டும்தான் அந்த அறையில் கேட்டது.

கதவைத் திறந்தேன். டாக்டர் வந்தார், கம்பளிக் கோட்டோடு. மியூசியத்து அம்மா வந்தார். "ஐயோ பாவம்" என்றார். குனிந்து பாப்பாவின் கையைத் தொடப்போனவர் கவுனின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். "என்ன வேலைப்பாடு," என்று மெதுவாகச் சொன்னார். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் சொன்னார்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இன்ஹேலரை மறந்துவிட்டீர்களா என்று கேட்டீர்கள். ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள், தேவைக்கு மேல் ஒரு பொய் சொல்லி. மறக்கவில்லை. ஏப்ரனின் வலது பையில்தான் இருந்தது. தோளைப் பிரிக்கக் குனிந்தபோதெல்லாம் தொடையில் இடித்தது.

காரணம், ஜிப்.

எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வருஷம் கையால் தைத்த நீலக் கவுனில் ஊதா ஜிப் வைத்ததற்காக, நன்றாக யோசித்து, திட்டமிட்டு, என் நாத்தனாரைக் கொன்றேன். யாரும் தூண்டவில்லை. புத்தி தெளிவாகத்தான் இருந்தது. ஒரு ஜிப்புக்காகவா என்று உங்கள் ரைட்டர் நிமிர்ந்து பார்க்கிறார். வேறு எதற்காகக் கொல்வது, சொல்லுங்கள். சொத்துக்காகவா? அது கேவலம். நான் செய்தது ஒரு கொள்கைக்காக. ஊசிமுனைக் கழகம் என்னைக் கோர்ட்டில் வந்து பார்க்கும். வருத்தப்படுவார்கள், ஆனால் புரிந்துகொள்வார்கள். நான் ஜெயிலில் இருந்தாலும், கையால் தைத்தவள் என்ற பெயரை யாரும் எடுத்துவிட முடியாது.

பேனாவைக் கொடுங்கள். கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

நீங்கள் பேனாவைக் கொடுக்கவில்லை. டீ கிளாஸை நகர்த்தி வைத்தீர்கள்.

"ஒரு சின்னச் சந்தேகம்மா. மூச்சு முட்டினது முதுகுத் தையலால. நீங்க ஏன் தோளைப் பிரிச்சீங்க?"

"கடைசியாத் தைச்சதை முதல்ல பிரிக்கணும். அதுதான் முறை."

"இப்பதானே சொன்னீங்க, முதல்ல கை, அப்புறம் முதுகுன்னு."

சொன்னேனா? ரைட்டர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இன்னொண்ணு. முதல்ல இன்ஹேலரைக் கையில வெச்சுக்கச் சொன்னீங்க. அப்புறம் பிடுங்கிட்டீங்க. நடுவுல என்ன நடந்தது?"

"விதி ஞாபகத்துக்கு வந்தது."

"நடுவுல உங்க நாத்தனார் கவுனுக்குள்ள தலையை விட்டாங்க. உள்ள இருந்து ஏதோ சொல்லிச் சிரிச்சாங்க. உங்களுக்குக் கேக்கலை. மேக்கப் போட்ட அம்மாவுக்குக் கேட்டுச்சாம்." ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தீர்கள். "'அண்ணி, இங்க பாருங்க, மாட்டிக்கிட்டீங்க. மேடையில மைக்கு குடுத்தா எல்லாருக்கும் சொல்லிடுவேன்.' என்னத்தைச் சொல்லிடுவாங்களாம்?"

"அவ எப்பவும் விளையாட்டா ஏதாவது சொல்லிட்டே இருப்பா."

"முதுகைப் பிரிச்சிருந்தா கவுன் உள்பக்கம் வெளிய தெரிஞ்சிருக்கும், இல்லையா? வெளிய அந்த மியூசியத்து அம்மா நின்னுட்டு இருந்தாங்க."

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் முதுகை மேலிருந்து கீழே ஒரே வெட்டில் வெட்டித் திறந்ததாகச் சொல்லியிருந்தீர்கள். அந்த வெட்டைப் பார்க்கவேண்டியிருக்குமே என்றுதான் டீ கிளாஸைப் பற்றிச் சொன்னதற்கு அப்புறம் பையின் பக்கம் நான் திரும்பவே இல்லை.

நீங்கள் பையின் முத்திரையைப் பிரித்தீர்கள். கவுனை வெளியே எடுத்து மேஜைமேல் விரித்தீர்கள். மெதுவாகத்தான் விரித்தீர்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். வெட்டிய இடத்தில் விரலை விட்டு, ஒரு பக்கத்தைப் புரட்டி, பக்கவாட்டுத் தையலை உற்றுப் பார்த்தீர்கள். பிறகு உங்கள் காக்கிச் சட்டையின் கையை மடக்கி, அதன் உள்தையலைக் கவுனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்கள். ரைட்டரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி, ஒரே சீராக, புள்ளி வைத்ததுபோல ஓடிக்கொண்டிருந்தன.

ரைட்டர் உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஜிப்புக்காகக் கொன்னேன்னே எழுதுங்க சார், தூக்குல வேணும்னாலும் போடுங்க. மெஷின் தையல்னு மட்டும் எழுதிடாதீங்க."